ஆரியசாலையில் நான்கு நிமிடங்கள்

திருவனந்தபுரத்தில் இறங்கிய அன்றே என்னை நிலம் அளக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். என் தோளில் தொங்கிய முக்காலிதான் காரணம். ஆரியசாலையில் மொத்தக் கடைகள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்து, அதன் கால்களை நீட்டி நிறுத்தியதும், லாரியிலிருந்து கொப்பரை மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் மூத்தவர் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"அளக்கவா வந்திய?"

இல்லை, படம் எடுக்க வந்திருக்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக் காட்டினேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, முக்காலியையே பார்த்தார்.

"முதல்ல படம்தான் வரும் கேட்டோ. அளவு பின்னே வரும்" என்று சொல்லிவிட்டு மூட்டைக்குத் திரும்பினார். அவர் பெயர் செல்லப்பன் என்பதும், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் சுமை தூக்க வந்தவர் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குக் கோபம் மட்டும் வந்தது. காரைக்குடியில் யாரும் என் முக்காலியைக் கேள்வி கேட்டதில்லை.

கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை என்பதும் உண்மை. கட்டடங்களைப் படம் எடுப்பது என் பிழைப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் அதுவே கூட்டம். பகல் பன்னிரண்டு மணிக்கு நடுத்தெருவில் முக்காலியை வைத்து, நிதானமாகக் கோணம் பார்த்து எடுக்கலாம். என் படங்களில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். அதை எல்லோரும் பாராட்டாகச் சொன்னார்கள், நானும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கொச்சியிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் என்னை அழைத்தது. திருவனந்தபுரத்தின் பழைய வியாபாரத் தெருக்களைப் புதுப்பிக்க ஒரு அறிக்கை தயாரிக்கிறார்களாம். அதற்கு மூன்று தெருக்களின் படங்கள் வேண்டும். நிறுவனத்தின் சார்பில் என்னோடு பேசியவர் ரோஷன் என்ற இளைஞர். கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கட்டடங்கள் மட்டும் தெரிய வேண்டும், நடுப்பகல் வெளிச்சம் வேண்டும், ஆள் வேண்டாம்.

ஆரியசாலையில் நடுப்பகலில் ஆள் இல்லாமலா?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கேமராவின் கண்ணைச் சில நிமிடங்கள் திறந்தே வைத்தால், அசையாதது மட்டும் படத்தில் பதியும். நடப்பவர், ஓடுபவர், ஸ்கூட்டரில் போகிறவர் யாரும் ஒரே இடத்தில் நிற்காததால் பதிவதில்லை. பரபரப்பான தெரு காலியாகிவிடும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஆகவே லென்ஸின் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் திருக வேண்டும். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி, என்.டி. ஃபில்டர் என்போம். அதன் வலுவை ஸ்டாப் என்று எண்ணுவார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். ஆறு ஸ்டாப் என்றால் அறுபத்துநாலில் ஒரு பங்கு வெளிச்சம். பத்து என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

என்னிடம் இருந்தது, திருகத் திருகக் கறுத்துக்கொண்டே போகும் ஒரு வகை. கட்டடப் படங்களுக்கு வருவதற்கு முன், குற்றாலத்தில் கல்யாண ஜோடியை அருவி முன் நிறுத்தி, தண்ணீரைப் பஞ்சு மாதிரி காட்டுவதற்காக வாங்கியது. அதை ஆரியசாலையில் கடைசி வரை திருகியபோது, படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போட்டதுபோல் ஒரு கறுப்பு நிழல் விழுந்தது. அகல லென்ஸில் அந்த வகைக் கண்ணாடி இப்படித்தான் செய்யும் என்று படித்திருக்கிறேன். படித்ததை நம்பாமல் வந்தது என் திமிர். கடைத்தெருவின் மேல் நானே பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டது போல இருந்தது. செல்லப்பன் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே மூட்டை கட்டினேன்.

தெருமுனைக் கடையில் போஞ்சி என்று பலகையில் எழுதியிருப்பதாக ஒருவர் வாசித்துச் சொன்னார். ஏதோ புதுப் பானம் என்று வாங்கினால் எலுமிச்சைச் சாறு. இந்த ஊரில் அதற்கு இப்படி ஒரு பெயர். இரண்டு டம்ளர் குடித்தேன். ரசத்தில் ஊறிய வடையும் தின்றேன். எங்கள் ஊரில் ரசவடை என்றால் வடைக்கு ரசம் துணை. இங்கே வடை ரசத்துக்குள் முழுகிக் கரைந்து, கரண்டி இல்லாமல் எடுக்க முடியாத நிலைக்குப் போயிருந்தது. ருசியில் குறை சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை கேமராக் கடை தேடினேன். பெரிய கடைகளில் பெட்டியைத் திறக்கவே யோசித்தார்கள். பாளையத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில், கேமராச் சாமான்களை வாடகைக்கு விடும் ஷீலா என்ற பெண்மணியைக் கண்டுபிடித்தேன். அவருக்கு மலையாளம் மட்டுமே. நான் தமிழில் கேட்டேன், அவர் மலையாளத்தில் பதில் சொன்னார். அரை மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினோம்.

என்ன எடுக்கப் போகிறாய், எத்தனை மணிக்கு, எந்த லென்ஸ் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஷீலா மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்தார். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துத் தாளுக்கு மேல் பிடித்து, "இதன் வழியாகத் தாளைப் பார். என்ன நிறம்?" என்றார். ஒன்றில் தாள் கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தது. இன்னொன்றில் பச்சை கலந்திருந்தது. மூன்றாவதில் தேநீர்க் கறை போல லேசான பழுப்பு. பழுப்பைப் பிறகு திருத்திவிடலாம், கத்தரிப்பூ நிறம் மூலைக்கு மூலை மாறும், உன்னால் அதோடு மல்லுக்கட்ட முடியாது என்றார். சதுரக் கண்ணாடிகளும் வைத்திருந்தார். அவற்றைச் செருகும் சட்டத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே இழையளவு சந்து இருந்தாலும், நான்கு நிமிடத்தில் வெளிச்சம் அதன் வழியே ஒழுகிப் படத்தைக் கெடுத்துவிடுமாம். "வட்டக் கண்ணாடி எடு. வளையம் பித்தளையா என்று பார். அலுமினிய வளையம் வெயிலில் கடித்துக்கொள்ளும்."

பத்து ஸ்டாப் போதுமா என்று கேட்டேன். பத்து மட்டும் போட்டால் நடுப்பகலில் நான்கு வினாடிதான் கிடைக்கும், ஆட்கள் புகை மாதிரித் தெரிவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். முழுதாகக் காணாமல் போக வேண்டுமென்றால் பத்தின் மேல் ஆறையும் அடுக்க வேண்டும். பதினாறு. அப்போது நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும்.

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரைக் காணாமல் ஆக்கப் போகிறாய்?"

தெருவில் போகிறவர்களை என்றேன். ஷீலா இழுப்பறையைத் திறந்தார். பித்தளை வளையத்தில் ஒரு பத்தும் ஒரு ஆறும், சந்தேகத்துக்கு ஒரு சதுரக் கண்ணாடியும் கொடுத்து, கடலோரத்தில் வெள்ளைச் சுவர் இருக்கும் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய் என்று அனுப்பினார்.

கிழக்கே கோட்டை பஸ் நிலையத்தில், கடலோர ஊரான விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறினேன். எனக்கு மலையாள எழுத்து தெரியாது. முக்காலிப் பை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு, நான் உள்ளேயும் அது வெளியேயுமாக ஒரு நிறுத்தம் வரை வந்தோம். கண்டக்டர் முக்கோலா என்று கத்தியது எனக்கு விழிஞ்ஞம் என்று காதில் விழுந்திருக்க வேண்டும். இறங்கிவிட்டேன். மீதித் தூரத்தை இறக்கத்தில் நடந்தேன். நடந்ததும் நல்லதுதான், புதுத் துறைமுகத்தின் ராட்சதப் பாரந்தூக்கிகள் தென்னைகளுக்கு மேலே எழுந்து நிற்பதை முதலில் அங்கிருந்துதான் பார்த்தேன். கீழே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

வெள்ளையடித்த ஒரு சுவரும் படகுகளும் சேர்ந்து தெரிகிற மாதிரி முக்காலியை வைத்தேன். ஷீலா சொன்னது அத்தனையும் சரி. சதுரக் கண்ணாடியில் வெள்ளைச் சுவர் கத்தரிப்பூ நிறமாகி, மேல் மூலையில் ஒழுகிய வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்தது. வட்டக் கண்ணாடி இரண்டையும் அடுக்கியபோது சுவர் லேசாகப் பழுப்பேறியதோடு சரி. கடல் பாலாடை போலப் படிந்துவிட்டது. படகுகள் ஆடிக்கொண்டே இருந்ததால் நிறம் மட்டும் மிதந்தது, உருவம் இல்லை. பக்கத்தில் ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இவள் எப்படிப் பார்க்கிறாள் என்று தோழியிடம் மலையாளத்தில் கேட்டார். கண்ணாடி போடுவதற்கு முன்பே பார்த்து, தெளிவு வைத்துப் பூட்டிவிட வேண்டும், போட்ட பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நான் தமிழில் சொன்னேன். அப்படியானால் குருட்டு வேலை என்று அவர் முடித்துவிட்டார்.

கழற்றப் போனால் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பித்தளைதான், ஆனால் நான் பயத்தில் முறுக்கியிருந்தேன். அதே மீன்காரம்மா தன் பணப்பையைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டை உருவி வளையத்தைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் லேசாகத் திருகினார். வந்துவிட்டது. ஊறுகாய்ப் பாட்டில் திறக்கிற வழியாம். அங்கேயே ஒரு கடையில் கப்பையும் மீன் கறியும் சாப்பிட்டேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியை முடிவு செய்துவிட்ட சந்தோஷத்தில் இன்னொரு தட்டும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு ஆரியசாலையில் இருந்தேன். நான் தேர்ந்தெடுத்த கட்டடம் தெருவிலேயே அழகானது. ஓட்டுக் கூரை, மரக் கிராதி வைத்த மேல்மாடி, கீழே மூன்று கடைகள், அவற்றின் முன்னால் இரண்டு கல்படிகள். வெயில் நேர் மேலே ஏறியதும் கண்ணாடிகளைத் திருகி, ஷட்டரைத் திறந்தேன். நான்கு நிமிடங்கள் இருபது வினாடி. கைவண்டிகள் போயின. ஸ்கூட்டர்கள் போயின. செல்லப்பனும் அவர் ஆட்களும் மூட்டையோடு குறுக்கே பன்னிரண்டு தடவையாவது நடந்திருப்பார்கள். நீண்ட பதிவில் படத்தில் விழும் புள்ளிகளை, ஷட்டர் மூடிய பிறகு கேமராவே சுத்தம் செய்ய இன்னொரு நான்கு நிமிடம் ஆகும். அதுவும் ஆகி, படம் திரையில் வந்தது.

தெரு கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. லாரிகூடக் கிளம்பிப் போயிருந்ததால் ஒரு மங்கலாக மட்டும் கரைந்திருந்தது. ஒரே ஒரு ஆள் மட்டும் தெளிவாக இருந்தார். இரண்டாவது கல்படியில் சாக்கு விரித்து எலுமிச்சங்காய் விற்கும் அம்மா, பெயர் சரோஜம். ஒரு கறுப்புக் குடையைக் கடைத் தூணில் கட்டி, அதன் கீழ் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான்கு நிமிடமும் அசையவில்லை.

படத்தைச் சிறிய அளவில் ரோஷனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. பிரமாதம் என்றார். அந்த அம்மாவை மட்டும் ஐந்து நிமிஷம் எழுந்து தள்ளி நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்துவிடுங்கள் மேம் என்றார். ஏன் ஒரு ஆள்கூட வேண்டாம் என்கிறீர்கள் என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். சுமை இறக்குவதை ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்கு மாற்றுவது திட்டம். தெருவை நடைபாதையாக்கி, மேல்மாடிகளில் காப்பிக் கடைகள் வரும். முடிவெடுப்பவர்கள் படத்தில் கூட்டத்தைப் பார்த்தால் தயங்குவார்கள், காலித் தெருவைப் பார்த்தால் கற்பனை செய்வது சுலபம். கெட்ட எண்ணத்தோடு அவர் பேசவில்லை. வேலையைச் சரியாகச் செய்கிற பையனின் குரல்.

நான் அதற்குப் பிறகும் சரோஜத்திடம் போனேன். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முழு விவரம் தெரிந்த பிறகுதான் போனேன். அம்மா, நாலு நிமிஷம் எழுந்து அந்தப் பக்கம் நிற்க முடியுமா என்று கேட்டேன்.

சரோஜம் எலுமிச்சங்காய்களை உருட்டி ஒழுங்கு செய்தபடி சொன்னார்: "நாலு நிமிஷம் எழும்பினா எனக்கு ஒண்ணும் குறையாது, மக்களே. எதுக்கு எழும்பணும்னு சொல்லு, எழும்புதேன்."

வாயைத் திறந்தேன், வெளிச்சம், கோணம் என்று ஏதோ வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது காரணம் இல்லே, பின்னே?" என்றார். எழும்பவில்லை.

இதற்குள் மூட்டைகள் இறங்கி முடிந்திருந்தன. தொழிலாளர்கள் தங்கள் கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு பேப்பரைப் பிரித்து வாசிப்பதை நான் எங்கள் பக்கம் பார்த்ததில்லை. செல்லப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து படத்தைப் பார்க்கக் கேட்டார். காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் சரோஜத்தின் முன்னால் தலைகுனிந்து நின்ற பிறகு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். ஒருவர், இது ஞாயிற்றுக்கிழமைப் படமா என்று மலையாளத்தில் கேட்டார். இல்லை, சற்று முன் எடுத்தது, நீங்கள் எல்லோரும் இதற்குள் நடந்துகொண்டிருந்தீர்கள் என்று சொன்னேன். கண்ணாடியைக் காட்டினேன். அது எப்படி வேலை செய்கிறது, யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் பத்து நாளில் கடைக்காரர்களையும் தொழிலாளர்களையும் கூட்டி அந்த நிறுவனம் கருத்துக் கேட்கப் போகிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. படம் எதற்கு என்பதுதான் தெரியாது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் முக்காலியை மடக்கிக்கொண்டு போயிருப்பேன். ஒரு இளம் தொழிலாளி மட்டும் கண்ணாடியைக் கையில் வாங்கி, சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்க்கப் போனார். கண் போய்விடும் என்று பிடுங்கிக்கொண்டேன்.

நாளைக்கு இந்தக் கண்ணாடி இல்லாமல் எடுத்துத் தருகிறேன், எல்லோரும் தெரிவீர்கள் என்றேன். எனக்குத் தோன்றிய பரிகாரம் அதுதான். செல்லப்பன் தலையை ஆட்டினார்.

"அது வேண்டாம். கூட்டமா நாலுபேர் போற படம் அவங்க ஆயிரம் பார்த்திருப்பாங்க. எங்களை மாய்ச்சது எந்தக் கண்ணாடியோ, அதையே போடுங்க. அசையாம நின்னா படத்துல விழுவோம்லா?"

விழுவீர்கள், ஆனால் நான்கு நிமிடம் நடுவெயிலில் அசையாமல் நிற்க வேண்டும் என்றேன். பத்து ஸ்டாப் மட்டும் போட்டால் நான்கு வினாடி நின்றால் போதும், அதில் தெளிவாகவும் வருவீர்கள் என்று ஆசை காட்டினேன்.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் பிடிச்சுது?"

"நாலு நிமிஷம்."

"அப்போ நாளைக்கும் நாலு நிமிஷம்."

அன்று மதியம் வலியசாலை அக்ரகாரத்தில் ஒரு வீட்டு மெஸ்ஸில் சாப்பிட்டேன். போளியும் பாயசமும் இலையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அந்த ஊர்ப் பழக்கம், போளியைப் பாயசத்தில் தோய்த்துத் தின்ன வேண்டும். பரிமாறிய மாமி, இன்னும் கொஞ்சம் குத்தட்டுமா, அதாவது ஊற்றட்டுமா, என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. ரோஷன் மறுபடி இரண்டு முறை அழைத்திருந்தார். மூன்று தெருக்களில் இது முதல் தெரு. இதைக் கெடுத்துக்கொண்டால் மற்ற இரண்டும் போகும். அதற்குப் பிறகு அவர்கள் வழியாக வரக்கூடிய ஊர்களும் போகும். இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு அறைக்குப் போய், பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். காலித் தெருப் படத்தை கார்டிலிருந்து அழித்தேன். அதை வைத்துக்கொண்டே இருந்தால் முழு அளவில் அனுப்பிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகமாக இருந்தது.

நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்கு, படியில் உட்கார்ந்திருந்த சரோஜத்தையும் சேர்த்துப் பதினேழு பேர் தெருவில் இருந்தார்கள். அவர்களில் கடைக்காரர்கள் சிலரும் உண்டு, படிக்கு இறங்கி வந்திருந்தார்கள். தமிழ் முதலாளி ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றார். நான் கோணம் பார்த்துத் தெளிவைப் பூட்டி, ஆறையும் பத்தையும் திருகினேன். தெருவில் போகும் வண்டிகளைத் தடுக்க வேண்டாம், போகிறவை போகட்டும் என்றேன். அவை எப்படியும் விழாது.

செல்லப்பன் கடைசி நிமிடத்தில் குனிந்து ஒரு மூட்டையைத் தலைக்கு ஏற்றச் சொன்னார். வேண்டாம் என்றேன். நான்கு நிமிடம் அசையாமல் சுமப்பது நடந்து சுமப்பதைவிடக் கஷ்டம் என்பது எனக்கே தெரியும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். நடுத்தெருவில் காலை அகட்டி ஊன்றினார்.

ஷட்டரைத் திறந்தேன்.

முதல் நிமிடம் எல்லோருக்கும் சிரிப்பு முட்டியது தெரிந்தது. இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பு போய்விட்டது. ஸ்கூட்டர்காரர்கள் ஹாரன் அடித்தபடி இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியும் ஒருவரும் கையைத் தூக்கித் துடைக்கவில்லை. மூன்றாவது நிமிடம் செல்லப்பனின் கழுத்து நரம்பு புடைத்து அசைவதைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்கு நிறுத்திவிடலாம் போல இருந்தது. பட்டனில் விரல் வைத்துவிட்டேன். அழுத்தவில்லை. நிறுத்துவது அவருக்குச் செய்யும் உபகாரமாக எனக்குத் தோன்றவில்லை. சரோஜம் தன் படியில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினேழு பேரில் சிரமமே இல்லாமல் இருந்தது அவர் ஒருவர்தான்.

ஷட்டர் மூடியது. மூட்டையை இறக்கினார்கள். படம் வர இன்னும் நான்கு நிமிடம் ஆகும் என்றேன். அதற்கும் நிற்கணுமா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கறுப்புத் திரையைச் சுற்றி வியர்வை நாற்றத்தோடு அத்தனை தலைகள் குனிந்திருந்தன.

படம் வந்தது. வண்டிகள் ஒன்றுகூட இல்லை. காலித் தெருவில் பதினேழு பேர். மூச்சு விட்டதால் முகங்கள் லேசாகக் கலங்கியிருந்தன. கால்கள் கூர்மையாக இருந்தன. செல்லப்பனின் மூட்டையின் விளிம்பு அதிர்ந்து, அவர் தலையைச் சுற்றி ஒரு மெல்லிய மங்கல் படிந்திருந்தது. ஆனால் அவர்தான், யார் பார்த்தாலும் தெரியும். ஒவ்வொருவரும் திரையில் விரல் வைத்துத் தன்னைக் கண்டுபிடித்தார். என் வேலையில் ஒரு படத்தை இப்படி விரலால் தொட்டுத் தேடிப் பார்த்தவர்கள் அதுவரை யாரும் இல்லை.

அதைத்தான் ரோஷனுக்கு அனுப்பினேன். நடுப்பகல், அசையாத கட்டடம், நீண்ட நேரப் பதிவு, கேட்டது எல்லாம் இருக்கிறது என்று எழுதினேன். அவர் அழைத்தபோது குரல் மாறியிருந்தது.

"மேம், அந்த ஆட்களை எடுத்துட முடியாதா?"

"முடியும் தம்பி. எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும். செய்ய மாட்டேன்."

முந்தைய நாள் படத்தையாவது பெரிய அளவில் அனுப்புங்கள் என்றார். அழித்துவிட்டேன் என்றேன். மற்ற இரண்டு தெருக்களுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொல்லி, மரியாதையாகவே வைத்தார். கண்ணாடிகளை ஷீலாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். படத்தைக் காட்டினேன். அவர் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, பதினாறு ஸ்டாப்பில் மனிதர்கள் விழுந்து நான் பார்த்ததில்லை என்றார். பிறகு எந்த அச்சகத்தில் ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போடுவார்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே போட்டு, சுருட்டி, கொட்டகையில் கொடுத்துவிட்டு மறுநாள் ரயில் ஏறினேன்.

கருத்துக் கேட்கும் கூட்டம் முடிந்த அன்று செல்லப்பன் போன் செய்தார். நிறுவனத்தார் திரையில் முதலில் காட்டியது ஆரியசாலையின் காலித் தெருப் படம். வேறு யாரோ ஒரு ஹர்த்தால் நாளில் எடுத்தது, கடை ஷட்டர்கள் இறங்கியிருந்ததை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்களாம். மதிய நேரத்தில் இங்கே நடமாட்டம் குறைவு என்று அவர்கள் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த நான்கு பேர் எழுந்து என் படத்தை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். படத்தில் இருந்த பதினேழு பேரும் அதன் முன்னால் போய் நின்றார்களாம், சரோஜம் உட்பட. அன்றைக்கு அவர் எழுந்து நின்றதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம் என்றார்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்களாம். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குப் புரியவில்லை. அதையே அவரிடம் கேட்டேன்.

"பார்க்க வரட்டும்" என்றார் செல்லப்பன். "நாங்க எங்கயும் போகல்லே."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மூட்டை இறக்கத் தன் முறை வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார்.